ஆடுகள் திரும்பி வந்த பூங்கா

அப்பாவின் வளவைப் பூங்காவாக்கும் யோசனை அண்ணாவுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். ஒரு ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் அழைத்து, தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டைத் தொலைபேசியில் காட்டினார். ஈரமான ஒரு மண்பாதையில் கிழவர் ஒருவர் நாயோடு நடந்து போனார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

“இந்தக் காடு ஒருத்தற்றையும் இல்லை, எல்லாற்றையும்,” என்றார் அண்ணா. “ஆர் எண்டாலும் வரலாம், நடக்கலாம், சும்மா குந்தியிருக்கலாம். அப்பாட வளவையும் இப்பிடிச் செய்தால் என்ன?”

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க இப்போது ஒன்றும் இல்லை. வளவுக் காணி வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்காலோடு ஒட்டிக் கிடந்தது. அப்பா காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் வயலுக்கும் வீட்டுக்கும் வெட்டியது போக, வாய்க்கால் கரையில் ஒரு துண்டை அப்படியே விட்டிருந்தார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், “வெட்டிக் களைச்சுப் போனன்,” என்பார். அப்பா களைத்துப்போனதால் தப்பிய மருதுகளும் நாவல்களும் பாலைகளும் இன்றைக்கு இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு வளர்ந்து நின்றன. அவற்றின் நடுவே ஒரு பெரிய வாகை.

சுற்றியுள்ள காணிகள் துண்டு துண்டாக விற்றுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. திருமண மண்டபம் கட்டக் காணி தேடிய ஒருவர் என் வீட்டு வாசலுக்கும் வந்துபோயிருந்தார். அதோடு, நான் கிளிநொச்சி நகரத்தில் நெடுங்காலம் படிப்பித்தவள். எங்கள் பிள்ளைகளுக்குக் காடு என்றால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைதான். பாதையை விட்டு இறங்காதே, கிடப்பதை எடுக்காதே, மரத்தடிக்குப் போகாதே என்று சொல்லித்தான் அவர்களை வளர்த்தோம். கண்ணிவெடி அகற்றி முடிந்த பிறகும் அந்தப் பயம் எங்களிடமிருந்து அகலவில்லை. பயமில்லாமல் ஒரு மரத்தடியில் போய் இருக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

“நல்ல விசயம் அண்ணா,” என்றேன்.

“அப்ப நான் பிரதேச சபையோட கதைக்கிறன். அங்க இருக்கிற ஆக்களுக்கு நீ ஒருக்காச் சொல்லிவிடு.”

அங்கே இருக்கிற ஆட்கள். அண்ணா அப்படித்தான் சொன்னார். நானும் அதுவரை அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அவர்கள் கணவனும் மனைவியும். கணவனுடைய தகப்பன் மலையகத்தில் கலவரம் நடந்தபோது தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டுக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். அப்பாவிடம் வேலை கேட்டார். அப்பா வேலையும் கொடுத்து, வாகை மரத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட இடமும் கொடுத்தார். அப்போது மகன் எங்கள் வயதுப் பையன். அதே கொட்டிலில் வளர்ந்து, அதே கொட்டிலுக்குப் பெண்ணைக் கூட்டி வந்து, அங்கேயே ஒரு மகளைப் பெற்று வளர்த்து, தர்மபுரத்தில் கட்டிக் கொடுத்தார். சண்டைக் காலத்தில் எல்லோரையும் போல அவர்களும் ஓடினார்கள். முகாமிலிருந்து திறந்துவிட்டதும் முதல் ஆட்களாகத் திரும்பி வந்து, கூடாரத் துணியைக் கட்டி, புதரை வெட்டி, கிணற்றை இறைத்து இருந்தார்கள். நாங்கள் வந்து பார்த்தபோது வளவு எங்களுக்காகத் துப்புரவாகக் காத்திருந்தது போலத் தெரிந்தது. அண்ணா வெளிநாட்டில் இருந்தார், நான் நகரத்தில் வீடு கட்டினேன். வளவில் அவர்கள் இருந்தார்கள்.

நான் போனபோது மனைவியான அந்த அம்மா குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தா. மண் சுவர், தகரக் கூரை, சாணி மெழுகிய நிலம். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வீட்டில் இருந்த ஒரேயொரு கதிரையை வாகை நிழலில் கொண்டுவந்து போட்டா.

“வாங்க டீச்சர். இருங்க, பிளேன்டீ ஊத்துறேன்.”

கணவர் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். பூங்கா, நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், நகரத்திலிருந்து வருகிற சனம். ஒரு வகுப்புக்குப் பாடம் எடுப்பது போல ஒழுங்காகச் சொன்னேன். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

“மரத்த வெட்டுவாங்களா?” என்று அவர் கேட்டார்.

“இல்லை, ஒரு மரமும் வெட்டமாட்டினம். அதுதானே இதின்ர நோக்கமே.”

“அப்ப நல்லதுதான்,” என்றார்.

அந்த அம்மா தேநீரை என் கையில் தந்தா.

“மரம் இருக்கலாம், நாங்க இருக்க முடியாது. அப்பிடித்தானே டீச்சர்?”

சண்டை பிடிக்கிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டா. உங்களுக்கு வேறு காணி எடுத்துத் தருவோம், அண்ணா கல்வீடு கட்டித் தருவார் என்று நான் அவசரம் அவசரமாகச் சொன்னேன். தேநீர் நாக்கைச் சுட்டது.

“பெரியவரு ‘இருங்க’ன்னு சொன்னாரு,” என்றா அவ. “எவ்வளவு நாளைக்குன்னு நாங்களும் கேக்கல, அவரும் சொல்லல.” பிறகு, “ரொட்டி கருகுது,” என்று உள்ளே போய்விட்டா.

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வரும்போது அவர் வாய்க்கால் பாலம் வரை பின்னால் நடந்து வந்தார். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லத்தான் வந்தார்.

சொன்ன சொல்லை அண்ணா காப்பாற்றினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒரு மேட்டுக் காணி கிடைத்தது. சீமெந்துக் கல்லில் இரண்டு அறை, ஓட்டுக் கூரை, மலசலகூடம், கிணறு. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு. ஊரில் எல்லோரும் அவர்களுக்கு நல்லகாலம் பிறந்துவிட்டது என்றார்கள். உறுதிப் பத்திரம் இல்லாத மண்வீட்டிலிருந்து உறுதியோடு கல்வீடு. கிராம சேவகர் என்னிடம், “ரீச்சர், இந்த மாதிரி ஒருத்தரும் செய்யமாட்டினம்,” என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மை என் மனதில் ஏன் இறங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

வீடு மாறுகிற நாளில் லான்ட்மாஸ்டர் உழவு வண்டி ஒன்றை நான்தான் ஒழுங்கு செய்தேன். சாமான் ஒரே தடவையில் ஏறிவிட்டது. தகரங்களையும் கழற்றி ஏற்றினார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா விளக்குமாற்றை எடுத்து, வெறும் நிலமாகக் கிடந்த வீட்டைக் கூட்டினா. மறுநாள் பெக்கோ இயந்திரம் வந்து சுவரை இடிக்கப்போகிறது என்று அவவுக்குத் தெரியும். இருந்தும் மூலை மூலையாகக் கூட்டி, குப்பையை அள்ளி, வாகையின் அடியில் கொட்டிவிட்டு வந்து லான்ட்மாஸ்டரில் ஏறினா. நான் தொலைபேசியை எடுத்து, வராத அழைப்பு ஒன்றைப் பார்ப்பது போல நின்றேன்.

பூங்காவுக்குக் காவலாளி வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, சபையின் செயலாளர் அந்த வேலையை வாகையடியில் இருந்த அவருக்கே கொடுக்கலாம் என்றார். செயலாளர் நல்ல மனிதர். வளவை அவரை விட ஆருக்குத் தெரியும் என்று கேட்டார். கேட்ட எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கிவிட்டது போல இருந்தது. அந்தச் செய்தியையும் நானே கொண்டுபோனேன். இந்த முறை சிரித்துக்கொண்டே போனேன். மாதச் சம்பளம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், வயதான காலத்தில் வெயிலில் கூலிக்குப் போக வேண்டியதில்லை. அவர் கேட்டுவிட்டு, “ஓம் டீச்சர்,” என்றார். எங்களோடு கதைக்கும்போது அவர் ‘ஓம்’ என்பார். மனைவியோடு கதைக்கும்போது ‘ஆமா’ என்பார்.

பூங்கா அழகாக வந்தது. கிரவல் போட்ட நடைபாதை மரங்களைச் சுற்றி வளைந்து போனது. குந்தியிருக்கச் சீமெந்து வாங்குகள், வாய்க்காலை எட்டிப் பார்க்கிற ஒரு மரமேடை, ஊஞ்சல்கள். அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் புல் நட்டு இரண்டு வாங்குகள் போட்டார்கள். வாசலில் ஒரு பலகை. மரம் வெட்டக்கூடாது, விறகு பொறுக்கக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, கால்நடைகளைக் கொண்டுவரக்கூடாது. அவை அண்ணா காணியைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள். காடு காடாக இருக்கவேண்டும் என்பதற்காகப் போட்டவை. அவற்றில் பிழை எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை.

சனமும் வந்தது. வைத்தியர் நடக்கச் சொன்ன சீனி வருத்தக்காரர்கள் விடியவே நடக்க வந்தார்கள். பின்னேரம் காதலர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுப் பார்சலோடு குடும்பம் குடும்பமாக. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது வங்கியில் வேலை, தன் தாயை ஓட்டோவில் கூட்டி வந்து வாய்க்கால் பக்கம் இருத்திவிட்டு, “அம்மா வீட்டில ஒரு நாளும் இப்பிடிச் சிரிக்கிறேல்ல ரீச்சர்,” என்றாள். இதையெல்லாம் நான் பொய்யென்று சொல்லமாட்டேன்.

நான் முதல் தடவை போன அன்று, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் இருந்தார். சட்டை அவருக்குப் பெரிது, தோள் இறங்கிக் கிடந்தது. என்னைக் கண்டதும் அவர் எழும்பினார். எழும்பிக் குதிக்கால்களைச் சேர்த்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். யாரோ அவருக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

“ஐயோ, எனக்கு எழும்பாதேங்கோ,” என்றேன்.

“சரிங்க டீச்சர்,” என்றார். அடுத்த முறையும் எழும்பினார். அதற்கடுத்த முறையும். நான் தூரத்திலேயே ஸ்கூட்டியை நிறுத்தி, அவர் வேறு பக்கம் பார்க்கும்போது உள்ளே போகப் பழகிக்கொண்டேன். அப்பாவின் வளவுக்குள் கள்ளி மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆடுகள் திரும்பி வருவதை நான் அறிந்தது பிறகுதான். அவர்களிடம் ஒரு சின்ன மந்தை இருந்தது. எல்லாம் வாகையின் கீழ் பிறந்த ஆடுகள். புதுவீட்டில் பட்டி கட்டியிருந்தார்கள். ஆனால் பகலில் மேய விட்டால், வெயில் சாயும் நேரம் அவை பாலத்தைக் கடந்து, வேலியின் கீழால் நுழைந்து, பழைய வீடு இருந்த புல்தரைக்கு வந்து படுத்துவிடும். சனம் காணமுதல் அவர் கலைத்துவிடுவாராம். சில நாட்களில் அந்த அம்மாவே வந்து கூட்டிப்போவாவாம். இதை எனக்குச் சொன்னவர் நடக்க வருகிற ஒருவர், சிரிப்புக் கதையாகச் சொன்னார்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தார். பூங்காவைக் காணவேண்டும் என்று விமானநிலையத்திலிருந்து வரும் வழியிலேயே கதைத்துக்கொண்டு வந்தாராம். மறுநாள் பின்னேரம் அண்ணா, அண்ணி, அவர்களுடைய மகள், நான், செயலாளர் எல்லோரும் போனோம். காவலாளி எழும்பிக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அண்ணாவும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். அவரை அண்ணாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சொல்லியிருக்கலாம். உள்ளே போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன்.

அண்ணா ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்தார். மருதின் பட்டையில் கன்னத்தை வைத்தார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. “அப்பா இருந்து பாத்திருக்கோணும்,” என்றார். மகள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தாள். அப்படியே வளைந்து வாகையடிக்கு வந்தபோது, புல்தரையில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு தாயாடு வாங்கின் மேலேயே ஏறிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பொடியன்கள் அதோடு செல்பி எடுத்தார்கள்.

அண்ணா முதலில் சிரித்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காவலாளியைக் கூப்பிட்டார். அவர் ஓடி வந்தார்.

“ஆற்ற ஆடுகள் இது?” என்று அண்ணா கேட்டார். கோபமாக இல்லை. நிபந்தனை போட்டவர் கேட்கவேண்டிய முறையில் கேட்டார்.

அவர் ஆடுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

“தெரியாதுங்க ஐயா. ஊரு ஆடுங்க.”

சொல்லிவிட்டு ஒரு தடியைப் பொறுக்கிக்கொண்டு கலைக்கப் போனார். ஆடுகள் ஓடவில்லை. அவரைக் கண்டதும் ஒவ்வொன்றாக எழும்பி, அவரிடம் வந்தன. ஒன்று அவருடைய காற்சட்டையில் முகத்தைத் தேய்த்தது. குட்டி ஒன்று இரண்டு காலில் நின்று சட்டைப் பையை மணந்தது. பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அங்கிளுக்குச் சொந்தக்காரர் போல!” என்று ஒருவன் கத்தினான். அண்ணியும் சிரித்தா. மகள் தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

அவர் தாயாட்டுக்குத் தடியால் அடித்தார். பலமான அடி. ஆடு கத்திக்கொண்டு ஒரு அடி விலகியது, பிறகு திரும்பவும் அவரிடமே வந்தது. அவர் இன்னுமொரு தடவை கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்போது வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “ம்மே… ம்மே… பா பா பா…” அந்த அம்மா வந்துகொண்டிருந்தா. ஆடுகள் எல்லாம் அவவிடம் ஓடின. அவவுக்கு எவ்வளவு கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. புருசனின் கையில் இருந்த தடியை மட்டும் ஒரு தரம் பார்த்தா.

“எங்க ஆடுங்கதான் ஐயா,” என்று அண்ணாவிடம் சொன்னா. “பழக்கதோசம். மன்னிச்சுக்கங்க.”

சிரிப்பு அடங்கியது. மகள் தொலைபேசியை இறக்கிவிட்டாள். நான் பேசவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

“அண்ணா, இது அவையின்ர வீடு இருந்த இடம். நாங்கள் நிக்கிறது அவையின்ர குசினி.”

அண்ணா காலடியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, முதல் தடவையாக, அந்தக் காக்கிச் சட்டைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார்.

“நீ… நீதானே எனக்கு வாய்க்காலில நீந்தப் பழக்கினது?”

“ஆமாங்க ஐயா.”

“என்னை ஐயா எண்டாத.”

“சரிங்க ஐயா.”

அண்ணா வாங்கில் போய் இருந்தார். ஆடு படுத்துச் சூடாக்கி வைத்திருந்த வாங்கு. காவலாளியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தப் பார்த்தார். அவர் இருக்கவில்லை. தடியை மெதுவாகப் புல்லில் வைத்துவிட்டு, “கேட்டப் பாக்கணும்,” என்று போய்விட்டார். அந்த அம்மா ஆடுகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தா. நாங்கள் எங்களுடைய பூங்காவில் நின்றோம். திரும்பி வரும்போது வாசலில் அவர் எழும்பி நின்றார். அண்ணா வாகனத்தின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு திரும்ப ஏற்றினார்.

அன்றைக்கு வீட்டில் அண்ணி இடியப்பமும் சொதியும் வைத்தா. அண்ணா பிசைந்துகொண்டே இருந்தார்.

“நான் அவையை ஏமாத்தேல்லைத்தானே?” என்று என்னிடம் கேட்டார். “வீடு கட்டிக் குடுத்தன். உறுதி எழுதிக் குடுத்தன்.”

“இல்லை, ஏமாத்தேல்லை.”

“பிறகென்ன?”

நாங்கள் செய்ததில் ஒரு சட்டப் பிழை இருந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். பிழை இருந்தால் திருத்தலாம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு நிமிர முடியாமல் இருப்பதை என்ன செய்வது?

அண்ணா கொஞ்ச நேரத்தில் உற்சாகமானார். சபையோடு கதைத்து நிபந்தனையை மாற்றுவோம், பூங்காவின் மூலையில் அவர்களுக்கே பழையபடி ஒரு வீடு கட்டிக் கொடுப்போம், ஆடு மாடு எல்லாம் இருக்கட்டும் என்றார். அடுத்த நாள் காலையில் போய்ச் சொல்லும்படி என்னிடமே சொன்னார். அவர் வந்து சொல்லலாமே என்று நான் கேட்டேன். “எனக்கு அங்க போக முகமில்லை,” என்றார். எனக்கு மட்டும் இருக்கிறது என்று நினைத்தாரோ தெரியாது.

மூன்றாவது முறையாகச் செய்தி காவிக்கொண்டு போனேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். அந்த அம்மா புதுவீட்டு முற்றத்தில் தென்னம்பிள்ளைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தா. கதிரை போட்டா. நான் இருக்காமல் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவ மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கையால் வழித்தா.

“வேணாம் டீச்சர்.”

“ஏன்? அது உங்கட இடம்தானே…”

“மறுபடி தூக்கிட்டு வர ஏலாது. எத்தன வாட்டி தூக்கிறது? எங்க மாமனாரு லயத்திலேர்ந்து தூக்கிட்டு வந்தாரு. நாங்க சண்டையில தூக்கிட்டு ஓடினோம். முகாமிலேர்ந்து தூக்கிட்டு வந்தோம்.” கையில் இருந்த மண்ணைத் தட்டினா. “இந்த வாட்டிதான் யாரும் சுடாம, வெரட்டாம, வண்டியெல்லாம் புடிச்சுக் குடுத்து, மரியாதையா எழுப்பினீங்க. அதுக்கு உங்கள ஏசவும் முடியல பாருங்க.”

அவ அதைக் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. யோசித்துக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னா. சாதாரணமாக ஒருவர் ஏசினால் திருப்பி ஏசலாம், அழலாம், மன்னிப்புக் கேட்கலாம். அன்று அந்த முற்றத்தில் எனக்கு அந்த மூன்றில் ஒன்றுக்கும் வழி இல்லை.

“அப்ப நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டேன். அறுபது வயதுப் பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டேன்.

அவ பாத்திக்கு மண் இழுத்துவிட்டா. “அவருக்கு அந்தச் சட்டை வேணாம். வேலை இருக்கட்டும். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் ஆட்ட அடிச்சாரு. வந்து சாப்பிடல. ராத்திரி பட்டிக்குள்ள போயி அதுக்கு மஞ்ச தடவிக்கிட்டு இருந்தாரு.” பிறகு, “ஆடுங்களுக்கு வாய்க்காத் தண்ணி வேணும். இங்க கெணத்துத் தண்ணிய அதுங்க குடிக்க மாட்டேங்குது,” என்றா.

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

செயலாளர் இரண்டுக்கும் சம்மதித்தார். அண்ணா போவதற்கு முன் நிபந்தனையைத் திருத்திக் கையொப்பம் வைத்தார். பூங்காவின் கிழக்கு வேலியை உள்ளே தள்ளி, பாலத்திலிருந்து வாய்க்கால் படி வரை ஆடுமாடு போகிற அளவுக்கு ஓர் ஒடுக்கமான பாதை விட்டார்கள். ஊரில் மற்றவர்களின் மாடுகளும் இப்போது அதால் போய்த் தண்ணீர் குடிக்கின்றன. விமானம் ஏறுமுன் அண்ணா காவலாளியைப் பார்க்கப் போனார். இருவரும் வாய்க்கால் கரையில் ஒரு மணித்தியாலம் நின்றார்களாம். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “வாய்க்காலில தண்ணி குறைஞ்சு போச்செண்டு கதைச்சனாங்கள்,” என்றார். கனடா போன பிறகு பூங்காவைப் பற்றி அவர் அதிகம் கேட்பதில்லை. மகள் எடுத்த வீடியோவையும் யாரும் எனக்கு அனுப்பவில்லை.

காவலாளி இப்போது தன் சொந்தச் சட்டையோடு இருக்கிறார். அதனால் வருகிற சனத்துக்கு அவர் யாரென்று தெரிவதில்லை. குப்பை போடாதீர்கள் என்று சொன்னால் சிலர், நீ யார் அதைச் சொல்ல என்று கேட்கிறார்களாம். இதைச் செயலாளர் என்னிடம் குறையாகச் சொன்னார். சட்டையை மாற்றச் சொன்னது நான் என்பதால், அதற்கும் நான் தலையைக் குனிந்தேன்.

சனிக்கிழமைகளில் அவருக்கு ஓய்வு. நான் சனிக்கிழமைகளில் மட்டும் போகத் தொடங்கினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவரை நேரே காணாமல் மரங்களைக் காணலாம் என்பதுதான் காரணம். சில கிழமைகள் நிம்மதியாக நடந்தேன். போன மாதம் ஒரு சனி பின்னேரம், நாவலடியைச் சுற்றி வந்தபோது, வாகைக்குக் கீழே இருக்கிற வாங்கில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். தர்மபுரத்திலிருந்து மகளின் பிள்ளை வந்திருந்தாள். ஆறு ஏழு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களைப் போல, மடியில் துணியை விரித்துச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா புல்லில் ஓர் இடத்தைக் காட்டி, “ஒங்க அம்மா இங்கதான் பொறந்தா,” என்று சொல்லிக்கொண்டிருந்தா.

திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கண்டுவிட்டா.

“வாங்க டீச்சர், வாங்க.” பிள்ளையைப் பார்த்து, “கும்புடு. இவங்கதான் இந்தப் பூங்காவுக்குக் காணி குடுத்தவங்க,” என்றா.

பிள்ளை கை கூப்பினாள். அவளுடைய கைகளில் தேங்காய்ச் சம்பல் ஒட்டியிருந்தது. இல்லையம்மா, இதைத் தந்தது நாங்கள் இல்லை, உங்கட அம்மம்மாவையும் அம்மப்பாவையும் கேள், என்று சொல்ல நினைத்தேன். வார்த்தைகளை ஒழுங்குபடுத்துவதற்குள் ஊஞ்சல் ஒன்று காலியாகிவிட்டது. பிள்ளை ஓடிவிட்டாள். மூத்தவர்கள் இருவரிடமும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அது தெரியாத விசயமா?

அவர் வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் இருந்தேன். அந்த அம்மா ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினா. வாங்கிக்கொண்டேன். மூவரும் ஊஞ்சல் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். இருவரில் யாராவது ஒரு கடுமையான சொல் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. வெயில் போனதும், பிள்ளைக்கு நுளம்பு கடிக்கும் என்று சொல்லிக்கொண்டு பெட்டியை மூடி எழும்பினார்கள்.